கரி பஸ்ஸில் சொன்ன பெயர்

திண்டிவனம்,
1-8-1943

சேசு மரி சூசை துணை.

செல்வி அப்பாவுக்கு, அமலோற்பவமேரி வணக்கமாக எழுதுவது.

இத்தனை நேரம் கழித்து விளக்கை வைத்துக்கொண்டு எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்கிற லட்சணத்தில் ராத்திரியில் கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. குழந்தை இப்போதுதான் கண் அயர்ந்தாள். உடம்பு கொஞ்சம் சுடுகிறது. நெற்றியைத் தொட்டால் சூடு இருக்கிறது, வயிற்றைத் தொட்டால் இல்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய மருந்தில் கால் பாலாடை புகட்டினேன், பாதியைத் துப்பிவிட்டாள். மறுபடி கொடுக்கலாமா, கூடாதா? கம்பவுண்டர் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியவில்லை என்று சிரிக்காதீர்கள். நீங்கள் விழுப்புரத்தில் இருக்கிறீர்கள், நான் இங்கே தனியாக நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதை மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

சாயங்காலம் நீங்கள் பஸ் ஏற்றிவிட்டுக் கையசைத்தது வரைக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது. விக்கிரவாண்டியில் வண்டி நின்றது. பெட்ரோலுக்குப் பதில் பின்னால் வைத்திருக்கிற கரி அடுப்பைக் கிளீனர் குத்திக் கிளறி, புகை அடங்கிப் புறப்படுகிற சமயத்தில் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரம், கையில் குடை. ஏதோ தாலுகா கச்சேரி குமாஸ்தா என்று நினைத்தேன். உட்கார்ந்தவுடன் தூங்கிவிட்டார். தூங்குகிறவருக்குத் தலை சாயும், தோள் சாயும், அதற்கு யார் என்ன செய்வது? ஆனால் அவருடைய கை தூங்கவில்லை. அங்கவஸ்திரத்துக்கு அடியில் அது ஊர்ந்து வந்தது. மேலே எழுத எனக்குக் கை ஓடவில்லை. உங்களுக்குப் புரியும்.

நான் நகர்ந்தேன். நகர இடமில்லை, காலடியில் அரிசி மூட்டை, அந்தப் பக்கம் ஒரு கிழவரும் அவருடைய கோழிக்கூடையும். பிறகு நான் செய்ததுதான் என்னைத் தூங்க விடவில்லை. குழந்தையை இந்தப் பக்கத்து மடியிலிருந்து அந்தப் பக்கத்து மடிக்கு மாற்றி, எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். வேலி மாதிரி. கூட்டேரிப்பட்டு தாண்டும்போது பார்த்தால் அந்தக் கை செல்வியின் பாதத்தின்மேல் கிடந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. திண்டிவனம் வரைக்கும் ஜபமாலை சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து அவள் காலை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். பொன்னி விசித்திரமாகப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தானே, அவளிடம்கூடச் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம். எங்கள் பள்ளிக்கூடத்து மதர் என் வேலையை நிரந்தரமாக்கத் தயாராம். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். போன வாரம் கேட்டிருந்தால் துள்ளியிருப்பேன். இப்போது எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. நிரந்தரம் என்றால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்?

அத்தைக்கு என் வணக்கம். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

அமலு


விழுப்புரம்,
3-8-43

அன்புள்ள அமலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நெற்றி சுட்டு வயிறு சுடாவிட்டால் அது காய்ச்சல் இல்லை, கரி வண்டிச் சூடு. துப்பின மருந்தைத் திரும்பக் கொடுக்காதே. சோம்புத் தண்ணீர் போதும்.

மற்றதை மருந்து கலக்குகிற அறையில் வைத்துப் படித்தேன். ஒரு பெரியவருக்கு இருமல் மருந்து என்று வெறும் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு ஓடிப் போய் வாசலில் அவரைப் பிடித்து சீசாவை மாற்றினேன். அவன்மேல் கோபமா, உன்மேல் கோபமா, பஸ் ஏற்றிவிட்டுப் பல்லைக் காட்டிக் கையசைத்த என்மேல் கோபமா, தெரியவில்லை.

நீ ஏன் எழுந்து நிற்கவில்லை? எழுந்து நின்று ஓங்கி ஒன்று விட்டிருந்தால் மீதியை வண்டியில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்டக்டரிடமாவது சொல்லியிருக்கலாம். பி.ஏ. படித்தவள், ஒரு வகுப்புப் பெண்களை ஓர் அதட்டலில் உட்கார வைக்கிறவள், வாயை மூடிக்கொண்டு வந்தேன் என்கிறாய்.

சரி, திட்டவில்லை. என் யோசனையைச் சொல்கிறேன். மதரிடம் இல்லை என்று சொல்லிவிடு. வருஷ முடிவில் இங்கே வந்துவிடு. அம்மாவும் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு இருப்பாள். இந்த யுத்த காலத்தில் நமக்கு ஒத்துவருகிற நேரத்தில் ரயிலும் இல்லை. கைக்குழந்தையோடு வாராவாரம் அந்தப் புகை வண்டியில் நீ அலைய வேண்டாம்.

அதுவரைக்கும் இதைக் கற்றுக்கொள். ஆளை அடக்க பலம் வேண்டாம், இடம் தெரிந்தால் போதும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பு, அங்கே சதை கிடையாது, குதிகாலால் ஒரு தேய்ப்பு. இல்லாவிட்டால் விலாவில் முழங்கை. எல்லாவற்றையும்விட நல்லது சுண்டு விரல். அதைத் தனியாகப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினால் பயில்வானும் வழிக்கு வருவான். இங்கே இரண்டு ஆளுக்கு அடங்காத ஒரு குடிகாரனை எங்கள் டாக்டர் ஒற்றை விரலைப் பிடித்தே கட்டிலுக்கு அழைத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை வராதே. அடுத்த வாரம் மாதா திருநாள், லீவு கிடைத்தால் நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். வானூர்ப் பக்கம் காலரா ஊசி போட ஆஸ்பத்திரி ஆட்களில் பாதிப் பேர் போயிருப்பதால் சந்தேகம்தான்.

கொஞ்சம் ராகி கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கு. விளக்கை அணைத்துவிட்டு.

உன்
சவுரிராயன்


திண்டிவனம்,
6-8-1943

செல்வி அப்பாவுக்கு,

இதுவும் ராத்திரிக் கடிதம்தான். பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் செல்வி. எனக்கென்று மிச்சம் இருப்பது இந்த நேரம் மட்டும்தான். குழந்தைக்குச் சூடு போய்விட்டது. நீங்கள் சொன்னதுதான் சரி.

மற்றதில் நீங்கள் சொன்னது சரியில்லை. ஏன் எழுந்து நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. முதலில் அழுதேன், அப்புறம் கோபம் வந்தது. நேற்றுப் பொன்னியிடம் எல்லாவற்றையும் சொல்லி, உங்கள் வைத்தியத்தைப் பரீட்சை செய்து பார்த்தோம்.

கூடத்துப் பெஞ்சியில் நான் உட்கார்ந்தேன். மடியில் செல்வி. காலுக்குக் கீழே அரிசி மூட்டைக்குப் பதில் பெட்டி, அந்தப் பக்கம் கோழிக்கூடைக்குப் பதில் துணி மூட்டை. இந்தப் பக்கம் பொன்னி, ஆண்பிள்ளையாக. தோளில் உங்கள் பழைய துண்டைப் போட்டுக்கொண்டு அவள் தூங்குவதாக நடிக்க வேண்டும். நடித்தவள் நிஜமாகவே தூங்கிவிட்டாள், எழுப்ப வேண்டியிருந்தது.

பரீட்சையின் முடிவைக் கேளுங்கள். எழுந்து நிற்க முதலில் குழந்தையை யாரிடமாவது கொடுக்க வேண்டும். அவனிடமா கொடுப்பது? முழங்கையை ஓங்கினால் செல்வியின் தலை நடுவில் வருகிறது. குதிகாலால் தேய்க்கலாம் என்றால் காலை எடுக்க இடமில்லை. எடுத்தாலும் வெறுங்காலால் தேய்த்ததற்குப் பொன்னி கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலச் சிரித்தாள். உங்களுக்கு வைத்தியம் தெரியும், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாது.

சுண்டு விரல் ஒன்றுதான் தேறியது. என் வலது கை குழந்தையை அணைத்தபடியே இருக்கிறது, இடது கையால் முடிகிறது. அவன் பக்கம் திரும்பவே கூடாது. முகத்தை நேரே வைத்துக்கொண்டு, துண்டுக்கு அடியில் கையை வரவிட்டு, விரலை மட்டும் பிரித்துப் பிடிக்க வேண்டும். பொன்னி ஒரு கத்துக் கத்தினாள். பிறகு கையை உதறிக்கொண்டே, “இது போதும்மா. வேற யாரையாச்சும் கூப்ட்டுக்கினு பழகுங்க” என்றாள்.

மதருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் யோசனையை நான் தட்டவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. அவன் இந்த வாரமும் அந்த வண்டியில் ஏறுவான், யாராவது ஒருத்தி பக்கத்தில் தூங்குவான். நான் மட்டும் வீட்டில் உட்கார வேண்டுமா? இப்படி எழுதுகிறேனே தவிர, அந்த வண்டியின் ஹாரன் சத்தம் தெருவில் கேட்டால் இப்போதுகூட எழுந்து போய்க் கதவைத் தாழ் போடுகிறேன். இரண்டும் உண்மை.

அமலு


விழுப்புரம்,
10-8-43

அன்புள்ள அமலுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் இல்லாமல் வீடு வீடாக இல்லை. அம்மா பூசைக்குப் போய்வந்து, உனக்கென்று வேர்க்கடலை இடித்து வைத்த மல்லாட்டை உருண்டையைத் தானே தின்றுவிட்டு அழுதாள்.

நானும் பரீட்சை செய்தேன். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சியில் மடியில் தலையணை, காலடியில் மருந்துப் பெட்டி, பக்கத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் கிருஷ்ணசாமி. சும்மா சாய்ந்துகொண்டு வாய்யா என்றேன். அவன் சாய்ந்தான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். தலையணை விழுந்தது. அவ்வளவுதான் அமலு. தலையணை தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் எழுந்து நிற்கவில்லை என்று உன்னைக் கேட்டவன் நான்தானே. அந்த வரியை அடித்துவிடு.

பிறகு விரலையும் மடக்கிப் பார்த்தேன். கிருஷ்ணசாமிக்கு அன்றைக்கு முழுக்க பேண்டேஜ் சுற்ற வரவில்லை. எதற்கு இதெல்லாம் என்று கேட்டான். சொல்லவில்லை. சொன்னால் அவனே விக்கிரவாண்டிக்குக் கிளம்பிவிடுவான்.

லீவு இல்லை. வெள்ளிக்கிழமை அங்கிருந்து இங்கே வருகிற தாலுகா கச்சேரிப் பேஷ்கார் குடும்பத்தோடு நீ வந்துவிடலாம், சொல்லி வைத்திருக்கிறேன். திரும்பும்போதுதான் துணையில்லை. ஞாயிறு ராத்திரி எனக்கு டூட்டி. வேலை விஷயத்தில் என் மனம் மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நேரில் பேசுவோம்.

உன்
சவுரிராயன்


திண்டிவனம்,
15-8-1943
மாதா திருநாள், இரவு

செல்வி அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். இதை முதலில் எழுதிவிட்டேன். இனி நிதானமாகப் படியுங்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் நீங்கள் எனக்குக் கோடியில் இடம் பிடித்துக் கொடுத்தீர்கள், எதிரே ஒரு பெண்பிள்ளையாகப் பார்த்து உட்கார வைத்தீர்கள். ஒலக்கூர்க்காரி, பெயர் குப்பம்மாள். மகளைப் பார்த்துவிட்டு மல்லாட்டைக் கூடையோடு திரும்புகிறாள். வண்டி நகர்ந்ததும் செல்வியோடு விளையாட ஆரம்பித்துவிட்டாள். மனசுக்குத் தெம்பாக இருந்தது. விக்கிரவாண்டியில் கரி போட நிறுத்தினார்கள். ஏறியவர்களில் அந்தக் குடை இருந்தது.

அவரேதான். எனக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் நடுவில் இல்லாத இடத்தை உண்டாக்கிக்கொண்டு உட்கார்ந்தார். என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, பார்க்கவே இல்லை. கண்ணை மூடினார். நான் செல்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை நிஜமாகவே தூங்கட்டும் மாதாவே என்று வேண்டினேன். பேரணிச் சாலை தாண்டியதும் அங்கவஸ்திரம் நகர்ந்தது.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். முதல் தரம் கையை நீட்டவே எனக்குத் தைரியம் வரவில்லை. பொன்னியின் விரல் வேறு, இது வேறு. தொடவே அருவருப்பாக இருந்தது. செல்வி காலை ஆட்டினாள், அவளுடைய கொலுசு சத்தம் கேட்டது. பிடித்துவிட்டேன். நேரே குப்பம்மாளைப் பார்த்தபடியே மடக்கினேன்.

அந்த மனிதர் போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

கண்டக்டர் நடராசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் இந்த ஆளை இறக்கிவிடச் சொன்னேன், மேலே கை வைக்கிறார் என்றேன். இதுவரை எல்லாம் நாம் நினைத்தபடியே நடந்தது. அப்புறம் நடந்ததை நீங்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தார். “நம்ம சம்சாரங்க. மாமியார்கிட்ட கோவிச்சுக்கினு வர்றா. வூட்டு விவகாரம், நீங்க வண்டிய வுடுங்க.”

அவர் அதோடு விடவில்லை. குப்பம்மாள் கொஞ்சியதிலிருந்து பெயரைப் பிடித்து வைத்திருக்கிறார். “செல்வி, அப்பாகிட்ட வாடா கண்ணு” என்று இன்னொரு கையை நீட்டினார். உங்கள் மகளைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கொடுக்காப்புளி விற்கிறவனிடமும் போவாள், குடுகுடுப்பைக்காரனிடமும் போவாள். பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் அவரிடம் நீட்டினாள்.

வண்டி முழுக்கச் சிரித்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் நாம் ஏன் நுழைய வேண்டும், நேரமாகிறது, மழை வருகிறது என்று பின்னால் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, நடுரோட்டில் புருஷன் கையை முறுக்குகிறது நல்ல குடும்பத்துக்கு அழகில்லை என்று புத்தி சொன்னார். நான் இல்லை இல்லை என்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. விரலை மட்டும் விடவில்லை.

நடராசனுக்கு மட்டும் சந்தேகம். குனிந்து மரியாதையாகத்தான் கேட்டார். “இவரு இல்லேன்னா, உங்க வூட்டுக்காரரு பேரு இன்னாம்மா?”

எனக்குச் சொல்ல வரவில்லை.

நம்புங்கள், வேண்டுமென்று இல்லை. வாரத்துக்கு இரண்டு தரம் உறையின்மேல் உங்கள் பெயரை எழுதுகிறவள் நான். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் எழுதியிருக்கிறேன். ஆனால் வாயால் இதுவரை சொன்னதில்லையே. செல்வியின் ஞானஸ்நானத்தில் சாமியார் தகப்பன் பெயர் என்ன என்று என்னைக் கேட்டபோது அத்தைதான் எட்டிச் சொன்னார்கள். காலேஜில் வாதப் போட்டியில் பேசியவள்தான், இந்த விஷயத்தில் எங்கள் அம்மாவுக்கு மகள்தான். பெயர் நாக்கு வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அவர் அதையும் பிடித்துக்கொண்டார். “எப்படிங்க சொல்லுவா? குடும்பப் பொண்ணு, என் பேரை என் எதிரேயே சொல்லுவாளா?” என்றார். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் எவ்வளவுக்கு எவ்வளவு வாயை மூடினேனோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவருடைய பெண்டாட்டியாக ஆகிக்கொண்டே இருந்தேன். நடராசன் விசிலை வாயில் வைத்துவிட்டார். வண்டி நகர்ந்தால் அப்புறம் நான் யார்? திண்டிவனத்தில் இறங்கி அவர் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தாலும் யார் கேட்பார்கள்?

கத்திவிட்டேன். “சவுரிராயன். விழுப்புரம் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சவுரிராயன். அவர்தான் என் வீட்டுக்காரர்.”

வண்டிக் கூரைமேல் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். மரியாதையாக ஒரு ‘அவர்கள்’ சேர்க்கக்கூடத் தோன்றவில்லை, மன்னிக்க வேண்டும்.

நடராசன் விசிலை எடுத்துவிட்டார். கம்பவுண்டர் ஐயாவா என்று கேட்டார். அவருடைய முழங்கால் புண்ணுக்குப் போன மாசம் நீங்கள்தான் மருந்து கட்டினீர்களாம். அதற்குள் குப்பம்மாள் எழுந்துவிட்டாள். “எம் மவளுக்கு நேத்து மருந்து கலக்கித் தந்தவரு அவுரு. இப்ப வண்டி ஏத்திவுட்டவரும் அவுருதான், நான் கண்ணால பார்த்தேன். இவன் மூஞ்சியும் அந்த மூஞ்சியும் ஒண்ணாய்யா?” என்றாள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். ஆம்பிளை என் சம்சாரம் என்று அத்தனை தைரியமாகச் சொல்லும்போது, வண்டி ஏற்றிவிட்டவர் அண்ணனாக இருக்கும் என்று நினைத்துவிட்டாளாம்.

அவரைக் கூட்டேரிப்பட்டுக்கு முன்பே இருட்டில் இறக்கிவிட்டார்கள். இறக்குவதற்கு முதலில் நான் விட வேண்டுமே. என் விரல்கள் பிரியவில்லை. குப்பம்மாள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

உங்கள் பெயரை ஊர் நடுவில் சொன்னது அத்தைக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அதைவிடப் பயம்.

அமலு


விழுப்புரம்,
18-8-43

அன்புள்ள அமலுவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. வேறு மாதிரி.

திங்கட்கிழமை காலையில் மருந்துக்கு நின்ற வரிசை முழுக்க என்னைப் பார்த்து ஒரு தினுசாகச் சிரித்தது. ஒருவர் மெதுவாக, “வெரல் எப்படி இருக்குதுங்க?” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் கிருஷ்ணசாமி தனியாக அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னான். பஸ் கூரைமேல் வந்தவர்களுக்கு ஒரு ஆள் அலறியதும், ஒரு பெண்பிள்ளை சவுரிராயன் என்று கத்தியதும்தான் கேட்டிருக்கிறது. கம்பவுண்டர் சவுரிராயன் பஸ்ஸில் பெண்ணிடம் வம்பு பண்ணி விரல் ஒடிந்து, பாதி வழியில் இறக்கிவிடப்பட்டான் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கிருஷ்ணசாமியே அரை மனதாக நம்பினான். வராந்தாவில் அன்றைக்கு நான் அதைத்தானே பழகினேன் என்றான்.

இரண்டு நாளாக மருந்து கொடுக்கும்போதெல்லாம் பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். நேற்றுச் சாயங்காலம் நடராசன் வந்து எல்லோரிடமும் விவரம் சொன்ன பிறகுதான் பேஜாரு தீர்ந்தது. இப்போது வேறு தொல்லை. இரண்டு பெண்பிள்ளைகள் மருந்து வாங்க வந்து, அந்த விரல் வித்தையையும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க என்றார்கள்.

அம்மாவிடம் கடைசியில் நானே சொன்னேன். நெஞ்சில் அடித்துக்கொண்டாள். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று என் கழுத்தில் மாதா படம் தைத்த ஓர் உத்தரியத்தைக் கட்டிவிட்டு, கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். போதும், அவளை இங்கே அழைத்துவா என்றாள். ஆனால் குழாயடியில் எவளோ உன் மருமகள் இப்படிக் கூவினாளாமே என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதிலை அங்கே இருந்தவர்கள் வந்து என்னிடம் சொல்கிறார்கள். “ஆமா, சொன்னா. சொல்லாம அவன்கூட எறங்கிப் போயிருக்கணும்ங்கிறியா?”

நான் என்ன சொல்வேனோ என்று பயம் என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். கல்யாணமான நாளாக நீ என்னை ‘இந்தாங்க’ என்பாய், ‘கேட்டீங்களா’ என்பாய், செல்வி பிறந்த பிறகு ‘செல்வி அப்பா’ என்பாய். என் பெயர் உன் குரலில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பஸ் முழுக்கத் தெரிந்திருக்கிறது, கூரைமேல் வந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அந்தக் குடைக்காரனுக்கும் தெரியும். அதில்தான் எனக்குப் பொறாமை.

வேலையை விட்டுவிடு என்று எழுதத்தான் இன்று பேனாவை எடுத்தேன். வெள்ளிக்கிழமை நீ மதருக்குப் பதில் சொல்ல வேண்டும், எனக்கு நினைவிருக்கிறது. நீ எழுதியதை மறுபடி படித்தேன். அவன் இறங்கிப் போனான், நீ ஊர் போய்ச் சேர்ந்தாய். அப்படியிருக்க உன்னை எதற்கு இறக்கிவிட வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், இருட்டு ரோட்டில் நின்ற அந்த வண்டி கண்ணை விட்டுப் போகவில்லை. விடு என்று எழுதவும் கை வரவில்லை, விடாதே என்று எழுதவும் கை வரவில்லை. இவ்வளவுதான் என்னால் முடிகிறது.

சனிக்கிழமை இங்கே செல்விக்கு அம்மை குத்திய இடம் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள். வீக்கம் வடிகிற வரைக்கும் பிரயாணம் வேண்டாம்.

உன்
சவுரிராயன்


திண்டிவனம்,
20-8-1943

சவுரிராயன் அவர்களுக்கு,

இந்தத் தடவை ‘அவர்கள்’ சேர்த்துவிட்டேன். எழுதுவது சுலபம். உங்கள் கடிதம் வந்த அன்று கூடத்தில் தனியாக நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பொன்னி கொல்லையிலிருந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தாள். எனக்கு முகம் எல்லாம் சூடாகிவிட்டது.

குழந்தைக்கு வீக்கம் பாதி வடிந்திருக்கிறது, அரிப்பில் அழுகிறாள். சொறியாமல் இருக்கக் கையில் சின்ன உறை தைத்துப் போட்டிருக்கிறேன். அதைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். சாயம் போகிற துணியாக இருக்குமோ என்று இப்போது ஒரு புதுக் கவலை.

இன்று மதர் கூப்பிட்டார். என்ன முடிவு என்று கேட்டார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் உத்தரவு இல்லாமல்தான் சொன்னேன். உன் புருஷர் சம்மதித்தாரா என்று மதர் கேட்டார். அவர் இல்லை என்று எழுதவில்லை, மதர், என்றேன். அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நேற்றுக்கூட அந்த வண்டிச் சத்தத்துக்குக் கதவைத் தாழ் போட்டேன். இனிமேலும் போடுவேன். பயந்துகொண்டேதான் ஏறப்போகிறேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, உங்களையும் பிடித்திருக்கிறது, நடுவில் இருப்பது அந்த ஒரு சாலைதானே.

அத்தையிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். குழாயடியில் அவர்கள் சொன்னதை நினைத்து நினைத்துச் சிரித்தேன், கண்ணீரும் வந்தது. அந்த உத்தரியத்தைக் கழற்ற வேண்டாம். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கத்தான் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். வீக்கம் வடிந்து அடுத்த சனிக்கிழமை நான் வருவேன். ஞாயிறு சாயங்காலம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, டூட்டியை யாருடனாவது மாற்றிக்கொண்டு என்னோடு திண்டிவனம் வரைக்கும் அந்த வண்டியில் வாருங்கள். காவலுக்கு இல்லை. செல்வி உங்கள் மடியில் இருக்கட்டும், காலடியில் மூட்டையும் உங்களுக்கே. நான் பக்கத்தில் இரண்டு கையையும் சும்மா வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வர வேண்டும். தூக்கம் வந்தால் நான் உங்கள் தோளில் தூங்குவேன்.

வர முடியுமா, கோபம் இருக்கிறதா, இரண்டுக்கும் சேர்த்துச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

அமலு